மூலநூற் கல்வியும் பரபக்கமும்

திருச்சிற்றம்பலம்



பூலாநந்தீசுவரப் பெருமானும் சிவகாமியம்மையும் எழுந்தருளி அருள்பாலிக்கும் சின்னமனூர்ச் சித்திரைப் பெருவிழாவில், சாத்திரம் பயிலும் முறையைப் பற்றிப் பேசுமாறு அன்பர்கள் பணித்தார்கள். அறிவாற் சிறியேனாயினும், இப்பொருளில் அடியேன் பட்டுணர்ந்த செய்தி ஒன்று உண்டு. அதனை மறையாது கூறினால் இளைஞர்க்குப் பயன்படும் என்னும் துணிவினால் ஒருப்பட்டேன். வரலாற்றுச் செய்திகளை முதலிற் கூறி, அடியேன் செய்த பிழையைப் பின்னர்க் கூறுவேன்.

ஊர்ச் செப்பேடு கற்பிக்கும் பாடம்

நம் ஊரின் பெயரை ஆராய்ச்சியுலகிற்குக் கொண்டு சென்றவை சின்னமனூர்ச் செப்பேடுகள். சிறிய செப்பேடு, பெரிய செப்பேடு என அவை இருவகைப்படும். பெரிய செப்பேட்டைப் பற்றி மேடைகளிற் கேட்டவர் இங்கே பலர் இருப்பீர்கள். "சங்க காலத்துச் செப்பேடு எங்கள் ஊரில் உள்ளது, சங்கம் இருந்ததற்கு அதுவே நேர்ச்சான்று" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடியேனும் இளமையிற் கேட்டு, அவ்வாறே பிறர்க்கும் சொன்னவன்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாந் தொகுதியில் அச்சாகியுள்ள பாடத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மன் அளித்த நிலக்கொடையின் ஆவணம் அது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்தவை. முன்னோர் புகழை அடுக்கிக் கூறுமிடத்தில், பாரதத்தைத் தமிழாக்கியதும் மதுரையிற் சங்கம் நிறுவியதும் அவர்தம் செயல்களாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே அது சங்க காலத்துச் செப்பேடு அன்று. தம் குலத்தார் சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தனர் என்னும் நினைவு பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியரிடத்தே வாழ்ந்திருந்தது என்பதற்குச் சான்று. இவ்வுண்மையினால் ஊருக்குப் பெருமை குறையவில்லை. கேட்டதை நம்பியிருந்தவரையில் ஒரு வரிச் செய்தியே கையில் இருந்தது. ஏட்டைப் பார்த்தபின் ஒரு வரலாறே கிடைத்தது.

செப்பேட்டில் நேர்ந்த பிழை சிறிது. தத்துவ நூல்களில் இத்தகைய பிழை நேருமாயின், கேட்பவருடைய சமய வாழ்வே கோணிவிடும். கருத்துக்கு உரியவர்க்கும் அநீதி இழைத்தவராவோம்.

மறுத்து உரைக்க எவரும் இல்லாத இடம்

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் செல்வோர் அவ்வூர்க் கருப்பண்ணசாமி கோயிற் பாறையைக் காணலாம். அதில் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை அவை. பாண்டிநாட்டு மலைகள் பலவற்றிற் காணப்படும் அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயர் இங்கும் காணப்படுகிறது. திருக்காளத்தீசுவரரை வழிபட வரும் நம்மவர் அப்பாறையைக் கடந்து செல்கிறோம். அங்கே இருந்து கற்றும் கற்பித்தும் வந்த அத்துறவிகளின் மரபு இன்று இப்பள்ளத்தாக்கில் இல்லை. நாம் மேடையேறி, "சமணர் இப்படிச் சொல்வர்" என்று கூறினால், "நாங்கள் அப்படிச் சொல்லவில்லை" என்று எழுந்து மறுக்க இங்கே எவரும் இலர்.

எதிர்வாதி எதிரே இருக்கும்போது நம் சொல்லுக்குத் தானே ஒரு காவல் உண்டு. அவர் இல்லாத இடத்தில் அவருடைய நூல் ஒன்றே அவர்க்காகப் பேசுவது. அந்நூலையும் நாம் திறவாவிடின், வழக்கு ஒருதலையாக முடிந்துவிடும்.

நூல்களும் மறைந்துபட்டால் நிலை என்னாகும் என்பதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. குண்டலகேசி என்னும் பௌத்தப் பெருங்காப்பியம் இறந்துபட்டது. சில பாடல்களே எஞ்சின. அதற்கு மறுப்பாகத் தோன்றிய நீலகேசி என்னும் சமண நூல், சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு கிடைத்து, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அவர்களால் 1936இல் பதிப்பிக்கப்பெற்றது. வழக்கிட்டவருள் ஒருவர் குரல் மட்டுமே இன்று கேட்கிறது. ஆசீவகர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர்தம் நூல் ஒன்றேனும் எஞ்சவில்லை. ஆங்கில நாட்டு வரலாற்றறிஞர் பாஷம் ஆசீவகர் வரலாற்றை 1951இல் நூலாக வெளியிட்டபோது, மணிமேகலை, நீலகேசி, சிவஞானசித்தியார் பரபக்கம் என்னும் மூன்று தமிழ் நூல்களையும் துணையாகக் கொண்டார். மறுப்பதற்காக நம் ஆசிரியர் எடுத்து எழுதி வைத்ததே, மறைந்துபோன ஒரு சமயத்தை உலகம் அறிதற்குரிய வாயில்களுள் ஒன்றாயிற்று. அவர் அக்கொள்கையைக் கேலிச் சொல்லாகச் சுருக்கி விட்டிருப்பாரானால், இவ்வாயில் அடைபட்டிருக்கும்.

பரபக்கம் என்னும் அறம்

"பிறர் நூலை நாம் ஏன் படிக்க வேண்டும்? நம் பெரியோர் மறுத்துவிட்டார்களே" என்று கேட்கும் அன்பர் உளர். அப்பெரியோர் எவ்வாறு மறுத்தார்கள் என்பதை அவர்கள் நோக்க வேண்டும்.

மணிமேகலையின் இருபத்தேழாவது காதை, சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை எனப்படும். வஞ்சி நகரிலே மணிமேகலை மாதவ வடிவம் கொண்டு, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி முதலியோரிடம் தானே சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். நூலாசிரியர் பௌத்தர். எனினும் ஒரு பௌத்த ஆசிரியரை நிறுத்தி மற்றச் சமயங்களையெல்லாம் அவர் வாயாற் சொல்லுவிக்கவில்லை.

நம் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக வகுத்தார். உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு கொள்கையினர் பரபக்கத்தில் வருகின்றனர். பௌத்தருள்ளே மட்டும் நால்வகையினர் தனித்தனியே நிறுத்தப்படுகின்றனர். ஒவ்வொருவர் கொள்கையையும் முதலிற் கூறி, அதன்பின்னரே மறுப்பைத் தொடங்குகிறார். பௌத்தர் யாவரும் ஒருவரே என்று அவர் கொள்ளவில்லை. சௌத்திராந்திகன் சொல்வது வேறு, யோகாசாரன் சொல்வது வேறு, மாத்தியமிகன் சொல்வது வேறு, வைபாடிகன் சொல்வது வேறு என்று பகுத்தறிந்த பின்னரே விடை கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அப்பெருமான் காட்டிய அந்தப் பொறுமை, அச்சு நூல் மலிந்த இக்காலத்தில் நமக்கு இல்லையானால் அது நாணத்தக்கது.

அவர்தம் வரலாறும் இதனையே உணர்த்தும். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்று முதிர்ந்த அவர், திருவெண்ணெய்நல்லூரில் இளம்பிள்ளை ஒருவர் ஞானநூல் உணர்த்துகிறார் என்னும் செய்தியைக் கேட்டதோடு நில்லாமல், தாமே நேரிற் சென்று, வினவி, அப்பிள்ளையாகிய மெய்கண்டாரையே குருவாகக் கொண்டார் என்று மரபு கூறும். பிறர் சொன்ன செய்தியை வைத்து அவர் தீர்ப்பு எழுதியிருப்பாரேயாயின், நமக்குச் சித்தியார் கிடைத்திராது. அவர் வழியில் வந்த உமாபதி சிவமும் சக ஆண்டு 1235இல், அஃதாவது 1313இல், சங்கற்ப நிராகரணத்தை இயற்றிப் பிற கொள்கைகளை நிரலே நிறுத்தி ஆராய்ந்தார்.

ஐயரவர்கள் காட்டிய வழி

அண்மைக் காலத்து வரலாற்றிலும் ஒரு பெருஞ்சான்று உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்று, திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவச் சூழலில் வளர்ந்தவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்திற்கு முனிசீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், "என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள்?" என்று வினவினார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று.

சைவருள் பலர்க்குச் சிந்தாமணியைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. சோழ மன்னன் அதனைப் படித்து மகிழ்ந்திருந்ததையும், சேக்கிழார் பெருமான் அவனைத் தடுத்து அடியார் வரலாற்றின்பால் திருப்பியதையும் சேக்கிழார் புராணத்திற் கேட்டிருந்தனர். அதனால் அந்நூல் தொடத்தகாதது என்று ஒதுக்கினர். ஐயரவர்கள் ஒதுக்கவில்லை; ஏடு தேடினார். திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்திலிருந்தே சிந்தாமணி ஏடு கிடைத்தது. படிக்கப் புகுந்தபோது சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை. யாரோ சைவர் எழுதிய குறிப்பைத் தேடி அவர் செல்லவில்லை. கும்பகோணத்திற் சமணர் இல்லங்களுக்குத் தாமே சென்று, அந்நூலைப் பாராயணம் செய்துவந்த அன்பர்களிடம் ஐயம் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது.

அந்நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஒப்பவில்லை என்றும், பின்னர் அவர் சித்தாமூர்ச் சமண மடத்திற்குச் சென்று சமண நூல்களைப் பயின்று இரண்டாம் முறை உரை வகுத்தார் என்றும் கூறுவர். நிகழ்ந்ததோ அன்றோ, இதுவே நேரிய முறை என்று தமிழ்ப் புலவருலகம் கருதிவந்தது என்பதை அச்செய்தி காட்டும்.

மணிமேகலையைப் பதிப்பிக்கும்போது ஐயரவர்களுக்கு இடர்ப்பாடு மிகுந்தது. தமிழ்நாட்டிற் பௌத்த மரபு அற்றிருந்தமையால் கேட்டுத் தெளிய வழியில்லை. மளூர் ரங்காசாரியார் துணையோடு பௌத்த சமயச் செய்திகளை ஆராய்ந்து தெளிந்து, 1898இல் நூலை வெளியிட்டதோடு, பௌத்த தருமத்தைப் பற்றியும் தாமே எழுதிச் சேர்த்தார். இத்தனையும் செய்தவர் தம் திருநீற்றை இழக்கவில்லை. பிறர் நூலைப் படித்தால் நம் பற்றுக் குறையும் என்று அஞ்சுவோர்க்கு ஐயரவர்கள் வாழ்வே விடை.

அடியேன் செய்த பிழை

இனி அடியேன் கதைக்கு வருகிறேன். 1993ஆம் ஆண்டு, தேனி தனி மாவட்டமாவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, இப்பள்ளத்தாக்கின் ஓர் ஊரில் மகாசிவராத்திரிச் சொற்பொழிவு ஆற்றினேன். மாயாவாத மறுப்பு அன்றைய பொருள். "உலகம் கனவு என்றார் சங்கரர், கனவிலே உண்ட சோற்றால் பசி ஆறுமோ?" என்று கேட்டேன். அவை சிரித்தது. அச்சிரிப்பு எனக்கு இனித்தது. அதனை மேலும் இருமுறை வருவித்தேன்.

கூட்டம் கலைந்தபின், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அருகே வந்து கைகுவித்தார். என்னினும் முப்பது வயது மூத்தவர், வடமொழி வல்லவர்.

"ஐயா, உலகம் கனவு என்று சங்கரர் சொன்னதாகச் சொன்னீர்கள். எந்த நூலில், எந்த இடத்தில் என்று தெரிவித்தால் நானும் பார்த்துக்கொள்வேன்" என்றார்.

"சித்தியார் பரபக்கத்தில் வருகிறது" என்றேன்.

"அது அருணந்தி சிவாசாரியார் வாக்கு அல்லவா? சங்கரர் வாக்கைக் கேட்டேன். போகட்டும், பரபக்கத்தில் எந்தப் பாடல்?"

அவர் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. என்னிடம் விடையும் இல்லை. என் ஆசிரியரிடம் நான் பாடம் கேட்டது சுபக்கம் மட்டுமே. பரபக்கத்தை நான் முறையாகப் படித்ததில்லை. யாரோ எழுதிய ஒரு குறிப்புப் புத்தகத்திலிருந்த மூன்று வரிகளே என் மாயாவாத மறுப்புக்கு முதல். சங்கரரை நான் படிக்கவில்லை. சங்கரர் மரபைப் பற்றி நம் ஆசாரியர் கூறியதையும் படிக்கவில்லை. அதனைப் பற்றி மற்றொருவர் கூறியதைப் படித்திருந்தேன். இரண்டாங்கையும் அன்று, அது மூன்றாங்கைச் சரக்கு. அதனை வைத்துக்கொண்டு முந்நூறு பேரைச் சிரிக்க வைத்திருந்தேன். அன்றிரவு முழுதும் கண்விழித்திருந்தேன். அது சிவராத்திரியின் பொருட்டு மட்டும் அன்று.

மறுவாரமே அவர் இல்லத்திற்குச் சென்றேன். ஞாயிறுதோறும் அவர் பிரமசூத்திர பாடியத்தை எடுத்துச் சொல்ல, நான் தமிழாக்கத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். அதன்பின் நான் சிவஞானபோதமும் சித்தியாரும் சொல்ல, அவர் கேட்பார். இவ்வாறு இரண்டாண்டுகள் கழிந்தன.

முதலில் நான் வியந்த இடம் இரண்டாம் அத்தியாயத்து இரண்டாம் பாதத்தின் இருபத்தெட்டாம் சூத்திரமும் அதனை அடுத்ததும். புறப்பொருள் இல்லை, அறிவே உண்டு என்னும் விஞ்ஞானவாத பௌத்தரை அங்கே சங்கரர் மறுக்கிறார். கண்ணுக்குப் புலனாகும் தூணையும் சுவரையும் குடத்தையும் இல்லை என்பது எங்ஙனம் என்று வினவுகிறார். நனவு கனவைப் போன்றதன்று. கனவு விழித்ததும் பொய்ப்படும், நனவு அவ்வாறு பொய்ப்படுவதில்லை என்கிறார். நான் எதனைச் சங்கரர் கொள்கை என்று கேலி செய்தேனோ, அதனை மறுப்பவராகச் சங்கரரே அங்கு நின்றார்.

இவ்வளவோடு நூலை மூடியிருந்தால் மற்றொரு பிழைக்கு ஆளாகியிருப்பேன். இரண்டாம் அத்தியாயத்து முதற்பாதத்தின் பதினான்காம் சூத்திரத்தில், பிரம ஞானம் வருமளவும் உலக வழக்கெல்லாம் மெய்யே, விழிக்குமளவும் கனவின் நிகழ்ச்சி மெய்யாதல் போல என்று கனவுவமையை அவரே எடுத்தாளுகிறார். ஆகவே அவர் கொள்கை ஒரு வாக்கியத்தில் அடங்குவதன்று. உலகிற்கு எவ்வகை மெய்ம்மை உண்டு, அது எவ்வளவில் நிற்கும் என்பதை அவர் படிப்படியாக ஆராய்கிறார். அப்படிகளைக் கடவாமல் மறுப்பவன் அவரை மறுத்தவனாகான்.

கற்றபின் நான் ஏகான்மவாதியாகிவிடவில்லை. மாயை என்றும் உள்பொருள்; உலகம் அதன் காரியம்; உயிர் இறைவனுக்கு அடிமையாய் என்றும் உள்ளது என்னும் சித்தாந்தத்தையே இன்றும் கொண்டுள்ளேன். முன்னர் என் மறுப்பு, அவர் சொல்லாத ஒன்றை அடித்துக்கொண்டிருந்தது. இப்போது கருத்து வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது: உலகம் தோன்றுகிறதா இல்லையா என்பதில் அன்று; அதற்கு முதற்காரணமாகிய மாயை முடிவில் உள்பொருளா என்பதிலும், முத்தியில் உயிர் தனிப்பொருளாய் நிலைபெறுமா என்பதிலும். சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் உலகத்தின் தோற்ற ஒடுக்கங்களில் ஏன் தொடங்குகிறது என்பதும் அப்போதுதான் எனக்கு நன்கு விளங்கிற்று.

மறுபுறமும் உண்டு. அப்பெரியவரும் சைவசித்தாந்தத்தைப் பிறர் வாயாற் கேட்டறிந்தவரே. "அது வெறுந்துவைதம்" என்று எண்ணியிருந்தார். சிவஞானபோதத்து இரண்டாம் சூத்திரப் பொருளைக் கூறி, அத்துவிதம் என்னும் சொல் பொருள் ஒன்றே என்பதைக் குறியாது, இரண்டும் பிரிந்து நில்லாமையைக் குறிக்கும் என்று மெய்கண்டார் கொள்வதைச் சொன்னேன். உடலும் உயிரும் போல ஒன்றாயும், கண்ணும் கதிரவனும் போல வேறாயும், கண்ணொளியும் உயிரறிவும் போல உடனாயும் நிற்றலை விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "நாற்பது ஆண்டுகளாக உங்கள் அத்துவிதத்தை அறியாமலேயே துவைதம் என்று சொல்லிவந்தேன். என் கணக்கிலும் ஒரு பிழை இருக்கிறது" என்றார். அவரும் தம் கொள்கையை விடவில்லை. அவர் இறைவனடி சேரும்வரை எங்கள் வழக்குத் தீரவில்லை, அன்பும் குறையவில்லை.

நூலும் உரையும்

நம் சாத்திரமும் பிறர் சொற்கேட்டலால் இடருற்றதே. சிவஞானபோதத்தை அமெரிக்கப் பாதிரியார் ஹொய்சிங்டன் 1854இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நம்மவராகிய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள், முனிசீப்பாகப் பணியாற்றிக்கொண்டே, 1895இல் தம் மொழிபெயர்ப்பைக் குறிப்புகளோடு வெளியிட்டார். 1897இல் சித்தாந்த தீபிகை என்னும் இதழும் தோன்றியது. 1785இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவரின் மாபாடியமோ, இருபதாம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது. இன்று அவையெல்லாம் கடையிற் கிடைக்கின்றன. ஆயினும் கைப்பேசியில் வரும் இரண்டு நிமிடப் பேச்சைக் கேட்டு, "மெய்கண்டார் இதைத்தான் சொன்னார்" என்று துணிவாரைக் காண்கிறோம்.

மூலநூல் அரியது, புரியாது என்று சிலர் அஞ்சுவர். சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரம், நாற்பதே அடி. கிழமைக்கு ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சூத்திரத்தை உரையின்றி மும்முறை படித்து, விளங்காத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மெய்கண்டாரே அருளிய வார்த்திகத்தையும் எடுத்துக்காட்டு வெண்பாக்களையும் பாருங்கள். அதன்பின் சிவஞான முனிவர் சிற்றுரை; அதன்பின் சித்தியார். மாபாடியத்தை ஆசிரியர் ஒருவரை அடுத்துப் பயிலுங்கள். உரையும் ஆசிரியரும் வேண்டா என்று அடியேன் சொல்லவில்லை. தாமே கற்றல் என்பது தனியே கற்றல் அன்று. உரை நம்மை நூலின்பால் அழைத்துச் செல்ல வேண்டும். நூலை மறைத்து நிற்கலாகாது.

பிறர் கொள்கையைப் பேசும்போது ஒரு விரதம் கொள்ளுங்கள். அவருடைய நூலில் இடம் காட்ட இயலாத எதனையும் அவர் சொன்னதாகச் சொல்லாதீர்கள். அக்கொள்கையுடையார் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுங்கள். 1993இல் எனக்கு அப்படி ஒருவர் உண்மையாகவே அமர்ந்திருந்தது திருவருட் செயல்.

நம் பள்ளத்தாக்கிற்கு முல்லைப் பெரியாற்று நீர் வரத் தொடங்கியது 1895இல். நல்லசாமிப் பிள்ளையவர்கள் சிவஞானபோதத்தை அச்சிட்ட ஆண்டும் அதுவே. மலையைக் குடைந்து வரும் அந்நீரை லோயர் கேம்பிற் பார்த்தவர், கடைமடையில் அதன் நிறம் வேறாயிருத்தலையும் அறிவர். கடைமடை நீரும் பயிரை வளர்க்கும். அதனை இகழ வேண்டா. ஆனால், தலைமடை நீரின் நிறம் இதுதான் என்று கடைமடையில் நின்றுகொண்டு ஒருவன் சாதிக்கலாகாது. நடந்து சென்று பார்க்க வழியுண்டு. ஏடும் நம் கைக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. பூலாநந்தீசுவரப் பெருமான் திருவருளால் அதனைத் திறக்கும் ஊக்கம் நம் அனைவர்க்கும் உண்டாகுக.

திருச்சிற்றம்பலம்